வாய்க்காலும் வாய்ப்பேச்சும்

மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பெருஞ்சாலை, வயல்வெளிகளையும் காடுகளையும் ஊடறுத்துச் சென்று, மலையேறிப் பதுளை நகரை அடைகின்றது. அச்சாலையிலே உள்ள ஊர் கரடியனாறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் திசையில் விரிந்து கிடக்கும் இந்நிலம் மழையையும் குளத்தையும் நம்பி நெல் விளைக்கும் நிலம். உறுகாமம் குளமும் உன்னிச்சைக் குளமும் இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற நீர்நிலைகள். இங்கே ஒருவன் வயலுக்கு நீர் வரவேண்டுமானால், அது முதலில் அயலவன் வயலைக் கடந்து வரவேண்டும். இந்தப் பகுதியின் சமூக வரலாற்றிலே பெரும்பகுதி இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறந்தது எனலாம்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் குளத்துக்கு உரிய கமக்காரர் யாவரும் கூடுகின்ற கூட்டம் ஒன்று உண்டு. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் என்று அதனை இப்பொழுது அழைக்கின்றனர். எத்தனை ஏக்கரில் விதைப்பது, எத்தனை மாத நெல் இடுவது, துருசு திறக்கும் நாள் எது, அடைக்கும் நாள் எது, வாய்க்கால் துப்புரவு எப்போது முடியவேண்டும், கால்நடைகளை வயல்வெளியினின்றும் எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்பன அங்கே தீர்மானமாகின்றன. பார்வைக்கு இது நாட்குறிப்புப் போடும் காரியம். உண்மையிலோ, ஊரிலே ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சொல்லத் தயங்கும் அத்தனை செய்திகளும் இந்த நாட்குறிப்பினுள்ளே அடங்கியிருக்கின்றன. குளத்தில் நீர் குறைவென்றால் யாருடைய வயல் தரிசாகக் கிடப்பது? மாடு வைத்திருப்பவனுக்கும் வயல் வைத்திருப்பவனுக்கும் எந்த நாள் இருவருக்கும் பொருந்தும் நாள்? சென்ற போகத்தில் தன் பங்கு வாய்க்காலை வெட்டாதவன் யார்?

இக்கேள்விகளைக் கேளாது விடுவது மனித இயல்பு. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் பெரும்பாலும் அயலான் அல்லன். மாமனாகவோ மைத்துனனாகவோ இருப்பான், அன்றேல் கடன் கொடுத்த போடியாராக இருப்பான். அவனிடம் சென்று, "தண்ணீரை ஏன் மறித்தீர்?" என்று கேட்பது எளிதன்று. ஆகவே கடைக்கோடியில் இருப்பவன் பேசாதிருக்கின்றான். பயிர் வாடத் தொடங்கியதும் இரவிலே மண்வெட்டியுடன் சென்று வரம்பை வெட்டுகின்றான். வெட்டப்பட்டவனும் விடிந்தபின் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த இரவு அவன் கையிலும் மண்வெட்டி இருக்கும். வாய்க்கால் தூர்ந்து போகின்றது. அதைத் தூர்வாருவதற்கு ஒருவரையொருவர் அழைக்க வேண்டும். அழைப்பதற்கோ முதலில் பேச வேண்டும்.

இந்த மௌனத்தின் விளைவை முதன்முதலாக எழுத்திலே விரித்துரைத்தவர்களுள் ஒருவர், கரடியனாற்றைக் கடந்து செல்லும் அதே சாலையின் மறுமுனையில், பதுளையில், உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி என்னும் ஆங்கிலேயர். 1855இல் ஊவா மாகாணப் பகுதியின் நீர்ப்பாசன நிலை பற்றி அவர் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். குளங்கள் உடைந்து கிடந்தமைக்குக் கல்லும் மண்ணும் மட்டும் காரணமல்ல என்பதை அவர் கண்டார். பழைய காலத்தில் அணையைக் காக்கும் வேலையில் ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தே ஆகவேண்டும் என்ற வழமை இருந்தது. வழமை மீறியவனை ஊரே கூடி விசாரித்தது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அதன் கொடுமை ஒழிந்தது நன்றே. ஆயின் அதனோடு சேர்ந்து, ஊரார் கூடித் தம்முள் கேட்டுக்கொள்ளும் உரிமையும் வலுவிழந்தது. ஒருவன் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால், அவனைக் கேட்பதற்கு நெடுந்தொலைவில் இருந்த நீதிமன்றம் ஒன்றே வழி. வழக்கு முடிவதற்குள் எத்தனையோ போகங்கள் கழிந்துவிடும். தீர்ப்பு வரும்போது காக்கவேண்டிய பயிரும் இராது, சிலவேளை குளமும் இராது.

வழக்குத் தொடுப்பவன் துணிவுள்ளவன் என்று ஊரார் நினைப்பதுண்டு. அந்நாளைய நிலையை நோக்கும்போது அது முழுதும் சரியென்று தோன்றவில்லை. நேரே சென்று கேட்க அஞ்சியவனுக்கு நீதிமன்றப் படிக்கட்டு ஒரு மறைவிடமாகவும் இருந்தது. அதிகாரிகளுக்கு எழுதப்படும் மொட்டை விண்ணப்பமும் அத்தகையதே.

அக்காலத்தில் இலங்கையின் தேசாதிபதியாய் இருந்தவர் சேர் ஹென்றி வார்ட். அவர் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. புதிய விதிகளைத் திணிப்பது அதன் நோக்கமன்று. நெற்காணிகளின் நீர்ப்பாசனத்தையும் பயிர்ச்செய்கையையும் பற்றிய பழைய வழமைகளுக்கு மீண்டும் உயிரளிப்பதே நோக்கம். காணிக்காரர்களைக் கூட்டி, அவர்கள் வாயாலேயே தங்கள் வழமை இன்னதெனச் சொல்லவைத்து, அவர்கள் உடன்பட்டதை விதியாக எழுதி, மீறினால் ஊர்ச் சபையே விசாரிக்கும் என்று அது வகுத்தது. ஆட்சியாளர் தம் வருமானத்தை எண்ணியே இதைச் செய்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. நெல் பெருகினால் வரியும் பெருகும். ஆயினும் பல்லாண்டாகப் பேசப்படாது கிடந்த பிணக்குகள் மரநிழலிலே, இரு திறத்தாரும் எதிரெதிரே இருக்க, பேசித் தீர்க்கப்படுவதற்கு அது வழி திறந்தது. கிழக்கிலே இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் வார்ட் காலத்திலே திருத்தப்பட்டபோது, குளம் கட்டுவதும் ஊரைக் கூட்டுவதும் ஒன்றாகவே நடைபெற வேண்டுமென்பது தெளிவாயிற்று. 1871இல் வந்த கிராமச் சங்கச் சட்டத்தின் வழியாக ஏற்பட்ட கிராம நீதிமன்றங்களிலே வழக்கறிஞருக்கு இடமில்லை. வாதியும் பிரதிவாதியும் தாமே பேசவேண்டியிருந்தது.

மட்டக்களப்பிலே இவ்வேற்பாட்டின் முகமாக விளங்கியவர் வட்டை விதானை. ஒரு வயற்பரப்பை வட்டை என்பது இந்நாட்டு வழக்கு. நீர் விடுவதும், வரம்பு பார்ப்பதும், வாய்க்கால் வெட்ட வராதவனைப் பெயர் சொல்லி அழைப்பதும் அவர் கடமை. பணமாக அன்று, நெல்லாகவே அவர் தம் ஊதியத்தைப் பெற்றார். நல்ல வட்டை விதானை வாய்த்த வட்டையில் சண்டை குறைவு. பெரிய போடியாருக்கு வளைந்து கொடுத்த விதானையோ, ஏழையின் வாயை அடைக்கும் கதவாகவும் ஆகிவிடக்கூடும். இக்குறை நாடு முழுவதும் உணரப்பட்டமையால், 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அப்பதவியின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பின்னர் 1972, 1979, 2000 ஆகிய ஆண்டுகளிலும் சட்டங்கள் மாறின, பெயர்களும் மாறின. அவற்றை ஒவ்வொன்றாக விரிப்பதில் பயனில்லை. கூட்டம் என்ற ஒன்று மட்டும் மாறவில்லை.

ஆனால் கூட்டம் நடப்பது ஒன்று, அங்கே உண்மை பேசப்படுவது மற்றொன்று. இதற்குச் சான்று தேடிக் கரடியனாற்றிலிருந்து தெற்கே, கல்லோயாப் பள்ளத்தாக்கிற்குச் செல்லவேண்டும். தமிழ்மக்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றின் குறுக்கே இங்கினியாகலையில் அணை கட்டும் பணி 1949இல் தொடங்கியது. மேற்பகுதி வாய்க்கால்களில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் தமிழ் பேசும் மக்களும் பயிர் செய்தனர். 1956 சூன் மாதத்தில் இப்பள்ளத்தாக்கிலே கொடிய வன்செயல் நிகழ்ந்தது. சுதந்திர இலங்கை கண்ட முதலாவது இனக்கலவரத்தின் ஒரு பகுதி அது. அதன்பின் மேல்மடையானும் கீழ்மடையானும் ஒரே நீரைக் குடித்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாது வாழ்ந்த ஆண்டுகள் பல.

1980ஆம் ஆண்டளவில் கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்கள் நாட்டிலேயே மிகச் சீர்கெட்ட நிலையில் இருந்தவற்றுள் எண்ணப்பட்டன. கதவுகள் உடைக்கப்பட்டிருந்தன; பல கிளைவாய்க்கால்கள் ஆண்டுக்கணக்கில் துப்புரவு காணாதவை. கடைக்கோடிக்கு நீர் எட்டுவதே அருமை. அவ்வேளையில் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. பட்டம் பெற்ற இளைஞரும் யுவதியரும், பலர் கமக்காரர் குடும்பத்துப் பிள்ளைகள், 1981இல் ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கேயே தங்குவதும், வீடு வீடாகச் சென்று குறை கேட்பதும் அவர்களின் முதல் வேலை. சங்கம் அமைக்கவோ, தலைவரைத் தெரிவு செய்யவோ அவர்கள் அவசரப்படவில்லை. ஒரே கிளைவாய்க்காலில் நீர் பெறுகின்ற பத்து, இருபது பேரை ஒன்றுகூட்டி, முதலில் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்படி தூண்டினர். பிரதிநிதி வேண்டியபோதும் வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் ஒருமனப்படும்வரை பேசினர்.

அவ்வாண்டு குளத்திலே நாலில் ஒரு பங்களவே நீர் இருந்தது. சண்டை மூளுமென்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். நடந்ததோ வேறு. தூர்ந்த வாய்க்கால்களைச் சிரமதானமாக வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சியதைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டனர். இதில் நீதிபோதனை எதுவும் செய்யப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கீழ்மடையானின் வயல் வாடுவதை மேல்மடையான் அதுவரை அறியாதவனல்லன். ஆனால் அதை அவன் முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை. சொல்லப்பட்டபின் அறியாதவன்போல் இருப்பது கடினமாயிற்று. பேராசிரியர் நோர்மன் அப்ஹோப் இவ்வனுபவத்தைப் பின்னர் 1992இல் நூலாக எழுதினார். சில ஆண்டுகளுள் அதே நீர் ஏறக்குறைய இருமடங்கு பயன் தந்ததென்பது ஆய்வாளர் கணிப்பு.

அதன்பின் போர் வந்தது. கிழக்கு மாகாணம் முழுவதும் அதன் அடியை வாங்கியது. கரடியனாறும் அதன் சுற்றுப்புறமும் பட்டபாட்டை இங்கே சொல்லப்புகின் அது தனிக்கதையாகும். கல்லோயாவிலும், இளைஞர்கள் ஊன்றிய பழக்கம் இந்தப் புயலில் தங்குமா என்று ஐயுற்றவர் பலர்.

1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் அதற்கு விடை கிடைத்தது. குளத்தில் நீர் மிகக் குறைவு. நெற்செய்கைக்கு அது போதாதென்பது அதிகாரிகளின் கணக்கு. கமக்காரரின் பிரதிநிதிகள் கூடினர். சிலர் விதைக்க மற்றவர் தரிசு போடுவதா, அல்லது இருப்பதைச் சமமாகப் பகிர்ந்து யாவரும் விதைப்பதா என்ற கேள்வியை அவர்கள் வெளிப்படையாகவே எடுத்துப் பேசினர். நாடு போரிலே எரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டிலே, மேல்மடைச் சிங்களக் கமக்காரரும் கீழ்மடைத் தமிழ்பேசும் கமக்காரரும் நீரைப் பங்கிட்டனர். 65,000 ஏக்கரில் பயிர் விளைந்தது. வழமையான ஆண்டைவிட அறுவடை மேலாகவும் இருந்தது.

கரடியனாற்றுப் பக்கத்து வயல்களிலே ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்பு கமக்காரரும் மாட்டுக்காரரும் அதிகாரிகளும் இன்றும் கூடுகின்றனர். துருசு திறக்கும் நாளை முடிவு செய்வதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. மாடுகளை எந்தத் திகதிக்குள், எந்த மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி வரும்போதுதான் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நிற்கின்றனர்.