ஆட்டத்தின் நடுவே நின்ற இதயம்... இத்தாலியில் தடை, இங்கிலாந்தில் அனுமதி: எரிக்சன் மீண்டும் ஆடியது எப்படி?

2021 ஜூன் 12. யூரோ கோப்பை கால்பந்து. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் டென்மார்க் - பின்லாந்து ஆட்டம். முதல் பாதி முடிய சில நிமிடங்களே பாக்கி. த்ரோ-இன்னில் வந்த பந்தை வாங்கப் போன டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலேயே முன்பக்கமாகச் சரிந்து விழுந்தார். அவரது இதயம் நின்றுவிட்டது. அப்போது வயது 29.

அதே எரிக்சன் 259 நாட்களில் மீண்டும் களத்தில் இறங்கினார். ஆனா அது அவர் அப்போது ஆடிவந்த இத்தாலி கிளப்புக்காக அல்ல. அங்கே அவர் இனி ஆடவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

யார் இந்த எரிக்சன்?

1992 பிப்ரவரி 14 அன்று டென்மார்க்கின் மிடில்ஃபார்ட் என்ற சிறு ஊரில் பிறந்தவர். 16 வயதில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குப் போனார். 2010 உலகக் கோப்பையில் ஆடியபோது, அந்தத் தொடரிலேயே வயதில் சின்னவர் இவர்தான்.

2013-ல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் வாங்கியது. நடுக்களத்தில் நின்று மற்றவர்களுக்கு கோல் வாய்ப்பை உருவாக்கித் தருவதுதான் எரிக்சனின் வேலை. ஃப்ரீ கிக் அடிப்பதிலும் கில்லாடி. 2020 ஜனவரியில் இன்டர் மிலனுக்கு மாறினார். முதல் ஒரு வருடம் பெரும்பாலும் பெஞ்ச்தான். 2021 ஜனவரியில், பரம எதிரியான ஏசி மிலனுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்து அணியை ஜெயிக்க வைத்தார். அதன்பிறகு நிலைமை மாறியது. அந்த சீசனில் 11 வருடங்களுக்குப் பிறகு இன்டர் மிலன் இத்தாலி லீக் சாம்பியன். அடுத்த மாதமே கோபன்ஹேகன் சம்பவம்.

உயிரைக் காத்த நிமிடங்கள்

நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை அழைத்தார். கேப்டன் சைமன் கியர் ஓடிவந்து எரிக்சனைச் சரியாகப் படுக்க வைத்தார். கேமராக்கள் பார்க்காதபடி சக வீரர்கள் சுற்றி நின்று மனிதச் சுவர் ஆனார்கள். உள்ளே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி நடந்தது. டிஃபிப்ரிலேட்டர் கருவி கொடுத்த ஒரே ஒரு மின் அதிர்ச்சியில் இதயம் திரும்பத் துடித்தது.

இதைப் பலரும் மாரடைப்பு என்று எழுதினார்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது. எரிக்சனுக்கு நடந்தது அது அல்ல. இதயத் துடிப்பே திடீரென நின்றுபோவது. இதில் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்கிறது மருத்துவம். மைதானத்தில் கருவி இல்லாமல் போயிருந்தால் கதை வேறு.

அன்று இரவே ஆட்டம் தொடர்ந்தது. இன்றைக்கு முடிக்கிறீர்களா, நாளை மதியம் ஆடுகிறீர்களா என்று அதிர்ச்சியில் இருந்த வீரர்களிடமே கேட்டது பெரும் சர்ச்சையானது. நியாயமான சர்ச்சைதான். டென்மார்க் 0-1 எனத் தோற்றது.

இத்தாலி ஏன் மறுத்தது?

மருத்துவமனையில் எரிக்சனின் உடலுக்குள் ஐசிடி என்ற கருவியைப் பொருத்தினார்கள். கிட்டத்தட்ட தீப்பெட்டி சைஸ்தான் இருக்கும். இதயத் துடிப்பை எந்நேரமும் கண்காணிக்கும். ஆபத்தான அளவுக்குத் தாளம் தப்பினால் தானே மின் அதிர்ச்சி கொடுக்கும்.

இத்தாலியில் போட்டிகளில் ஆட மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். ஐசிடி வைத்திருப்பவர்களுக்கு உயர்மட்டப் போட்டிகளுக்கான சான்றிதழ் கிடைக்காது. மோதலில் கருவி சேதமானால்? ஓடும்போது தேவையில்லாமல் ஷாக் அடித்தால்? வீரரே ஒப்புக்கொண்டாலும் அந்த ரிஸ்க் வேண்டாம் என்பது அந்நாட்டின் நிலை. 2021 டிசம்பரில் இன்டர் மிலனும் எரிக்சனும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் அப்படி ஒட்டுமொத்தத் தடை இல்லை. இதய நிபுணர்கள் பரிசோதித்து, ஆபத்தை வீரருக்கும் கிளப்புக்கும் விளக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். 2022 ஜனவரி 31 அன்று பிரென்ட்ஃபோர்ட் கிளப் அவரை எடுத்தது. பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்கும் டென்மார்க்காரர்தான். பிப்ரவரி 26 அன்று நியூகாசில் அணிக்கு எதிராக மாற்று வீரராக எரிக்சன் உள்ளே வந்தபோது, இரு அணி ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதன்பிறகு?

மார்ச் மாதம் டென்மார்க் அணிக்குத் திரும்பினார். நெதர்லாந்துக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறங்கி, இரண்டே நிமிடங்களில் கோல். மூன்று நாள் கழித்து, தான் விழுந்த அதே கோபன்ஹேகன் மைதானத்தில் கேப்டனாக ஆடி மறுபடியும் கோல். பிறகு மூன்று சீசன் மான்செஸ்டர் யுனைடெட். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவர் கோல் அடித்தது, சரிந்து விழுந்த நாளில் இருந்து சரியாக 1,100-வது நாள். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் கிளப்பில் சேர்ந்தார்.

இத்தாலியில் இந்தக் கேள்வி முடியவில்லை. 2024 டிசம்பரில் ஃபியோரெண்டினா அணியின் எடோர்டோ போவே, அதே இன்டர் மிலனுக்கு எதிரான ஆட்டத்தில் சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், ஐசிடி பொருத்தப்பட்டது. 22 வயதில் அவருக்கும் சொந்த நாட்டு லீக்கின் கதவு மூடியது.