ஒப்பற்றவன், செவியுறுபவன்: இறைப்பண்புகள் பற்றிய முஸ்லிம் சிந்தனையின் வளர்ச்சி

குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் 11ஆவது வசனம் அல்லாஹ்வைப் பற்றி இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. அவனைப் போன்றது எதுவும் இல்லை என்பது ஒன்று. அவன் செவியுறுபவன், பார்ப்பவன் என்பது மற்றொன்று. ஒப்பில்லாமையை மட்டும் பற்றிக்கொண்டால், அடியார் அழைத்து மன்றாடக்கூடிய இறைவன் வெறும் கருத்தாகக் கரைந்துவிடுவான். செவியையும் பார்வையையும் மட்டும் பற்றிக்கொண்டால் மனிதச் சாயல் வந்து ஒட்டிக்கொள்ளும். முஸ்லிம் இறையியலின் தொடக்க நூற்றாண்டுகளை இந்த இரண்டையும் ஒருசேரக் காக்கும் முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

அல்லாஹ் அர்ஷின்மீது (அரியணைமீது) அமைந்தான் என்றும், ஆதமைத் தன் இரு கைகளால் படைத்தான் என்றும், அவனுடைய முகம் நிலைத்திருக்கும் என்றும் குர்ஆனில் வசனங்கள் உண்டு. அர்ஷின்மீது அமைந்தது எவ்வாறு என்று மதீனாவில் இமாம் மாலிக் இப்னு அனஸிடம் (இறப்பு 795) ஒருவர் கேட்டதாக ஒரு செய்தி பரவலாக அறிவிக்கப்படுகிறது. அமைந்தான் என்பது தெரிந்த செய்தி, எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டாதது, நம்புவது கடமை, துருவிக் கேட்பது மார்க்கத்தில் இல்லாத புதுமை என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். பின்னாளில் ஒன்றையொன்று மறுத்த பிரிவுகள் பலவும் இந்த விடையைத் தமக்குச் சான்றாக எடுத்துக்கொண்டன.

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் உருவான முஃதஸிலாக்கள் என்னும் இறையியல் பிரிவினர் வேறு வழியில் சென்றார்கள். அல்லாஹ்வின் அறிவும் ஆற்றலும் அவனோடு ஆதியிலிருந்தே தனித்தனியாக இருப்பவை என்றால், ஆதியற்றவை பல என்று ஆகிவிடாதா? அப்படியானால் தவ்ஹீது, அதாவது இறைவனின் ஒருமை, என்னவாகும்? இதுவே அவர்களின் கவலை. பக்கத்திலேயே கிறிஸ்தவர்கள் இறைவனின் வார்த்தை படைக்கப்படாதது என்று வாதிட்டுவந்த காலம் அது. அபுல் ஹுதைல் அல்-அல்லாஃப் இதற்குத் தந்த தீர்வு, அல்லாஹ் ஓர் அறிவைக் கொண்டு அறிகிறான், அந்த அறிவு அவனேதான் என்பது. கை என்றால் ஆற்றல் அல்லது அருள், அர்ஷின்மீது அமைதல் என்றால் ஆளுகை என்று அவர்கள் விளக்கினார்கள். மறுமையிலும் இறைவனைக் கண்ணால் காண இயலாது என்றார்கள். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சுதான், ஆனால் படைக்கப்பட்ட பேச்சு என்றார்கள். முஃதஸிலாக்களை மார்க்கப் பற்றில்லாத பகுத்தறிவாளர்களாகச் சித்திரிப்பது இன்றும் வழக்கமாக உள்ளது. இது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்களை உந்தியது இறைவனின் ஒருமைமீது இருந்த தீவிரமான பற்று.

அந்தப் பற்று அரசாணையாக மாறியபோதுதான் பெருங்கேடு விளைந்தது. 833இல் அப்பாஸிய கலீஃபா மஃமூன் பக்தாதின் பொறுப்பாளர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதினார். காழிகளையும் (நீதிபதிகளையும்) ஹதீஸ் அறிஞர்களையும் அழைத்து, குர்ஆன் படைக்கப்பட்டது என்று அவர்கள் ஏற்கிறார்களா என விசாரிக்க வேண்டும் என்பது உத்தரவு. மறுப்பவர்களின் கொள்கை ஈஸாவைப் (இயேசுவை) படைக்கப்படாதவர் என்னும் கிறிஸ்தவர்களின் கூற்றைப் போன்றது என்று அந்தக் கடிதம் வாதிட்டது. மிஹ்னா எனப்படும் இந்த விசாரணையில் பெரும்பாலோர் பணிந்தார்கள். ஹதீஸ் அறிஞர்களான அஹ்மத் இப்னு ஹன்பலும் முஹம்மது இப்னு நூஹும் பணியவில்லை. விலங்கிட்டு அவர்களைக் கலீஃபாவிடம் அனுப்பினார்கள். அவர்கள் போய்ச் சேருமுன்னே மஃமூன் இறந்துபோனார். திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறந்தார். அடுத்த கலீஃபா முஃதஸிம் இப்னு ஹன்பலுக்குக் கசையடி கொடுக்கச் செய்தார். அவருக்குப் பின் வந்த வாஸிக்கின் ஆட்சியில், 846இல், அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாயீ கொல்லப்பட்டார். 847இல் பொறுப்பேற்ற முதவக்கில் இந்தக் கொள்கையைக் கைவிட்டார்.

இப்னு ஹன்பலின் வாதம் சுருக்கமானது. குர்ஆன் அல்லாஹ்வின் அறிவிலிருந்து வந்தது. அல்லாஹ்வின் அறிவைப் படைக்கப்பட்டது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. அந்த வாதத்தைவிட அவர் பட்ட அடியே மக்களிடம் ஆழமாகப் பேசியது. இறைவன் எப்படிப்பட்டவன் என்று வரையறுக்கும் உரிமை கலீஃபாவின் கையிலிருந்து நழுவி அறிஞர்களிடம் வந்து சேர்ந்தது. மிஹ்னாவின் நிலையான விளைவு இதுவே என்பது என் கணிப்பு.

விசாரணை ஓய்ந்தாலும் கேள்வி ஓயவில்லை. குர்ஆன் படைக்கப்படாதது என்றால், அதை ஓதும் என் நாவின் ஒலி? ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரீயே (இறப்பு 870) இந்தக் கேள்வியால் நைசாபூரில் எதிர்ப்பைச் சந்தித்து ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இதற்கிடையே இப்னு குல்லாப் என்பவர் நுட்பமான ஒரு சூத்திரத்தை முன்வைத்திருந்தார்: பண்புகள் அல்லாஹ்வே அல்ல, அல்லாஹ் அல்லாதவையும் அல்ல. கேட்டவுடன் முரண்பாடாகத் தோன்றும். ஆனால் பண்புகளை இறைவனுக்குள் கரைத்துவிடும் ஆபத்து, அவற்றை அவனுக்குப் பக்கத்தில் தனிப்பொருள்களாக நிறுத்தும் ஆபத்து, இரண்டையும் அது ஒரே வீச்சில் தடுக்கிறது.

இந்தச் சூத்திரத்தை வளர்த்தெடுத்தவர் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (இறப்பு சுமார் 935). பஸ்ராவின் முஃதஸிலா ஆசிரியர் அல்-ஜுப்பாயீயிடம் பயின்று, நாற்பது வயதளவில் அந்தக் கொள்கையை வெளிப்படையாகத் துறந்தவர். உயிர், அறிவு, ஆற்றல், நாட்டம், செவியுறுதல், பார்வை, பேச்சு என்னும் ஏழும் அல்லாஹ்வின் ஆதியற்ற பண்புகள் என்று அவர் வழிவந்தோர் வகுத்தார்கள். அல்லாஹ்வின் உள்ளார்ந்த பேச்சு படைக்கப்படாதது, அதை வெளிப்படுத்தும் எழுத்தும் ஒலியும் படைக்கப்பட்டவை என்று பிரித்தார்கள். ஸமர்கந்தில் அல்-மாத்துரீதி (இறப்பு 944) ஏறக்குறைய இதே பாதையில் நடந்து, படைத்தலையும் ஆதியற்ற பண்பாகச் சேர்த்தார். பிற்கால சன்னி முஸ்லிம்களில் பெரும்பாலோரின் கொள்கை நூல்கள் இந்த இருவரின் வழியில் வந்தவை.

கை, முகம் பற்றிய வசனங்களை அஷ்அரீ எவ்வாறு என்று கேளாமல் அப்படியே ஏற்றார். ஆனால் அவருக்கு நூறாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின், அதே வழியில் வந்த அல்-ஜுவைனீ (இறப்பு 1085) தம் ‘இர்ஷாத்’ நூலில் கை என்றால் ஆற்றல் என விளக்கினார். எந்த முஃதஸிலாக்களை மறுத்து இந்தச் சிந்தனைப் பள்ளி தோன்றியதோ அவர்களின் விளக்கமே உள்ளே வந்து அமர்ந்தது. பிற்காலத்தில் ஜுவைனீ மனம் மாறி, பொருளை அல்லாஹ்விடமே ஒப்படைத்துவிடும் முன்னோர் வழிக்குத் திரும்பினார். ஒரே மனிதரின் வாழ்நாளில் இந்த ஊசலாட்டம் நிகழ்ந்ததை நான் பலவீனமாகக் காணவில்லை. வசனத்தின் இரண்டு செய்திகளுக்கும் நேர்மையாக இருக்க முயன்றவரின் தவிப்பு அது. அவருடைய மாணவர் கஸ்ஸாலீ (இறப்பு 1111) பக்தாத் நிஸாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியரானார். அரசின் ஆதரவு பெற்ற அத்தகைய கல்விக்கூடங்கள் அஷ்அரீ கொள்கைக்கு நிலையான இடம் தந்தன.

இப்னு ஹன்பலின் வழிவந்த ஹன்பலிகளில் பலர் அஷ்அரீகளின் இந்த விளக்கங்களை ஏற்கவில்லை. திமஷ்கின் (டமாஸ்கஸின்) இப்னு தைமிய்யா (1263–1328) சொற்களின் பொருள் தெரியும், தன்மைதான் தெரியாது என்றார். பொருளையே மூடிவைப்பதையும் வேறு பொருளுக்குத் திருப்புவதையும் ஒருங்கே மறுத்தார். மாலிக்கின் பழைய விடையை அவரும் எடுத்துக்காட்டினார். 1306இல் அவருடைய கொள்கை நூல்பற்றி திமஷ்கில் விசாரணை அமர்வுகள் நடந்தன. இறுதியில் அந்நகரின் கோட்டைச் சிறையிலேயே அவர் இறந்தார். தமிழ்நாட்டில் அண்மைப் பத்தாண்டுகளில் சுன்னத் ஜமாஅத்தினரும் தவ்ஹீது அமைப்பினரும் அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா என்று விவாதித்தபோது, இந்தப் பழைய வழக்கின் வாதங்களே தமிழில் ஒலித்தன.

முஃதஸிலாக்களைப் பற்றி நெடுங்காலம் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்களை மறுத்தவர்கள் எழுதியதே. ரய் நகரின் காழி அப்துல் ஜப்பார் (இறப்பு 1025) எழுதிய ‘முக்னீ’ என்னும் பெருநூலின் பெரும்பகுதி 1950களின் தொடக்கத்தில் யெமனில் கையெழுத்துப் படிகளாகக் கிடைத்தது. அங்கிருந்த ஸைதீ ஷீஆக்கள் அதைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பின்னர் கெய்ரோவில் அச்சேறிய அந்தப் பாகங்களால், தவ்ஹீதுக்காக முஃதஸிலாக்கள் முன்வைத்த வாதங்களை இப்போது அவர்களின் சொற்களிலேயே படிக்க முடிகிறது.