பங்கா கயிறு

சட்டசபைக்குப் போன உழவர்கள் – 6

சாம்ப்லா கடைவீதி. திண்டில் சாய்ந்திருந்தார் சாகுகார், அதாவது லேவாதேவிக்காரர். மகனின் மேல்படிப்புக்குக் கடன் கேட்டு எதிரே நின்றார் சுக்கிராம், பக்கத்தில் மகன். சாகுகார் உண்டு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. கூரையில் தொங்கிய பங்கா விசிறியின் கயிற்றை எடுத்து சுக்கிராம் பக்கம் வீசினார். இழு என்று அர்த்தம். அவரும் இழுத்தார்.

பையனுக்குப் பொறுக்கவில்லை. உம்ம பிள்ளை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான், வயதான என் தகப்பன்தான் கிடைத்தாரா என்று கேட்டுவிட்டான். ரோத்தக் பக்கம் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. கூட்டல் குறைச்சல் இருக்கலாம்.

அந்தப் பையன்தான் சோட்டு ராம். வக்கீலானார். 1923-இல் பசல்-இ-உசேனோடு சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். 1937-இல் லாகூரில் பஞ்சாப் மாகாண மந்திரி.

அவர் கை வைத்த இடம் மண்டி. கோதுமை வண்டி வந்து நின்றதும் தரகரும் வியாபாரியும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். நம்மூர் மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இங்கே விளைவித்தவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். பிறகு தரகு, எடைக்கூலி, தர்மக் கணக்கு, பசுமடம் என்று வரிசையாகக் கழியும். மாட்டுக்குப் புல் போட்ட புண்ணியம் வியாபாரிக்கு, காசு உழவனுக்கு! மிஞ்சியதும் பழைய கடனுக்குப் போய்விடும். பல இடங்களில் கடன் கொடுத்தவரே தரகர்.

1939-இன் மண்டிச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது. அதற்கு முந்தைய வருஷம் வந்ததுதான் பெரிய அடி. 1901 ஜூன் 8-க்கு முன் ஒத்தி வைத்த நிலம், முதல் தொகையைப் போல இரண்டு பங்கு மகசூலைச் சாகுகாருக்குக் கொடுத்து முடித்திருந்தால், காலணா வாங்காமல் உழவனிடம் திரும்ப வேண்டும். கிராமத்தில் இவற்றைப் பொன் சட்டங்கள் என்றார்கள். கடைத்தெருவில் கறுப்புச் சட்டங்கள்.

கடைத்தெருவின் கோபம் அவர் எதிர்பார்த்ததுதான். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 1900-இன் நிலச் சட்டம், உழவர் சாதிகளின் நிலத்தை வியாபாரி வாங்க முடியாதபடி தடுத்திருந்தது. அந்தக் காலியிடத்தில் புதிய சாகுகார் முளைத்திருந்தார். தலைப்பாகை கட்டிய பெரிய பண்ணைக்காரர். சாதியால் உழவர், தொழிலால் வட்டிக்காரர். சட்டத்தின் பட்டியலில் அவர் பாதுகாக்கப்பட வேண்டியவர்!

யூனியனிஸ்ட் கட்சிக்கு முதுகெலும்பே பெரிய நிலக்காரர்கள்தான். அவர்கள் கையிலிருக்கும் கயிற்றைச் சோட்டு ராம் எப்படிப் பிடுங்குவார்?

(அடுத்த வாரம்)