தூரத்துப் பச்சை: ஒரு சொல்லைக் கூடலூரில் வைத்து வாசித்தல்

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கூடலூர் நண்பர்கள் கேட்டார்கள். மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடிப் படிக்கும் சிறு வட்டம் எங்களுடையது. கதைச்சுருக்கம் வேண்டாம், தலைப்பில் இருக்கும் சொல்லை ஒரு கருத்தாக்கமாக விளக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். கிழித்த காரணங்களே இப்போது கட்டுரையாகியிருக்கின்றன.

நாவல் வெளிவந்தது 1964இல். தமிழகக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன சனங்களின் வாழ்க்கை அது. தலைப்பு, தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சிலிருந்து வருகிறது. என் முதல் கட்டுரை இந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு போனது: தொலைவில் வளமாகத் தெரிந்தது, கிட்டே போனதும் அட்டைக்கடியும் லயமுமாக முடிந்தது, ஆகவே இது மாயை பற்றிய கருத்தாக்கம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: “எங்க அம்மாயி ஒண்ணும் கண்ணு தெரியாம போகல. ஊர்ல கஞ்சிக்கு வழியில்ல, போனாங்க. பச்சைய பாத்துட்டா போனாங்க?”

அதோடு அந்தக் கட்டுரை முடிந்தது. பழமொழி குற்றத்தைப் பார்க்கிறவன் கண்மீது சுமத்துகிறது. ஏமாந்தவனைப் பற்றி விலாவாரியாகப் பேசி, ஏமாற்றியவனை வெளியே விட்டுவிடுகிறது. 1876-78 பஞ்சத்தையும், ஊரில் நிலமில்லாத சாதிகள் பண்ணையாட்களாகக் கிடந்ததையும் மறைத்துவிட்டு, ‘ஆசைப்பட்டுப் போனார்கள்’ என்று சொல்ல வைக்கிறது.

எனவே இரண்டாவது தடவை, இந்தத் தூரம் எப்படி உற்பத்தி செய்யப்பட்டது என்று எழுதினேன். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் கட்ட வந்தவர்கள் சொன்னதாக மலையகத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி ஊருக்கு வந்து சனங்களின் கடனை அடைத்து, வழிச்செலவு போட்டுக் கூட்டிப்போவான். ஆள் ஒரு நாள் வேலைக்கு இறங்கினால் அவனுக்குத் தலைக்காசு. தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். அதாவது இந்த ஆட்களின் கடனை யார் தீர்க்கிறானோ அவன் கொண்டுபோகலாம் என்கிற சீட்டு. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆக, பச்சை என்பது கண்ணில் தெரிந்த காட்சியல்ல, கணக்கில் ஏறிய பற்று. இப்படி வாசித்தால் சொல் கூர்மையாகிறது: தூரம், இடைத்தரகன், கடன் மூன்றும் சேர்ந்த ஒரு பொறி.

இந்தப் பொறி கூடலூரில் மறுபடியும் ஓடியது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. நாவல் வந்த அதே 1964, அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிச்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போகிற சனத்தை யாரும் கேட்கவில்லை. நான் ஆறு வயதில் மண்டபம் முகாம் வழியாக வந்தவன். எங்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அம்மா பிறந்தது கண்டிப் பக்கம், நானும் அங்கேதான் பிறந்தேன். பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது? கூடலூரில் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். இலங்கையில் எங்களை இந்தியாக்காரன் என்றதைப் போலவே.

இந்தக் கட்டுரை எனக்கே பிடித்திருந்தது. வட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்த பணியர் தோழர் மட்டும் கேட்டார்: “அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் பச்சைக்குள்ள ஆளு இருந்துச்சா, இல்லியா?”

இருந்தார்கள். என் கட்டுரையில்தான் இல்லை. மூன்றாவது தடவை எழுத இந்தக் கேள்விதான் காரணம்.

தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை தெரியும், அதற்குள் இருக்கும் மனிதர் தெரியமாட்டார். கூடலூரின் முந்நூறு வருஷ வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கலாம். நிலம்பூர் கோவிலகம் இதை ஜென்மமாகப் பார்த்தது. வெள்ளைக்காரன் 1877இல் தென்கிழக்கு வயநாட்டை நீலகிரியோடு சேர்த்தான். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் இருக்கிறதென்று லண்டனில் கம்பெனிகளைத் திறந்து பங்கு விற்றார்கள், இரண்டொரு வருஷத்தில் எல்லாம் சரிந்தது. அது தூரத்து மஞ்சள். பிறகு காப்பி, தேயிலை. கேரளத்திலிருந்து குடியேறிய விவசாயிகள். பிறகு எங்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பிற்பாடு டான்டீ ஆனது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் இவர்களுக்கெல்லாம் முன்னால் இருந்தவர்கள். பணியர்களை மானந்தவாடிப் பக்கம் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் முன்பணம் கொடுத்து ஒரு வருஷத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மாயியைப் பிடித்த அதே முன்பணம். ஒருத்தரைக் கடல் தாண்டி இழுத்தது, இன்னொருத்தரைச் சொந்த மண்ணிலேயே கட்டிப்போட்டது.

சட்டமும் தூரத்திலிருந்தே பார்த்தது. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 80,000 ஏக்கர். அதில் குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய ‘செக்ஷன் 17’ இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த சொல். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், அந்த நிலத்தில் குடியிருந்த சின்ன ஆட்கள் பட்டாவும் கரண்டும் இல்லாமல் காத்திருந்தார்கள். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று ‘காடு’ என்ற சொல்லுக்கே நாடு முழுமைக்கும் புது விளக்கம் தந்தது. இந்த ஜென்மச் சட்டத்திலிருந்து கிளம்பிய கோயலோ வழக்கில் 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்ட மாணவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். கூடலூர் எங்கே இருக்கிறதென்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

பச்சையின் மறுபக்கமும் உண்டு. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதையொட்டி, பிடுங்கப்படாமலிருக்கத் தங்கள் நிலத்தில் தேயிலை நட்டார்கள். நிலையான பயிர் நின்றால் அனுபவத்துக்குச் சாட்சி. அவர்கள் காட்டை அழித்த செடியே அவர்கள் கையில் பத்திரமாயிற்று. ஆக, பச்சை எப்போதும் பொய்யல்ல. யார் நட்டார்கள், எந்தப் பயத்தில் நட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 2022இல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, எங்கள் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். 2006 வன உரிமைச் சட்டம் ஆதிவாசிக்கு ஒரு வழி திறக்கிறது. மற்றவர்களுக்கு 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், என்கிறது. கப்பலில் வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் எட்டாது. உடனே பேச்சு கிளம்புகிறது: “சிலோன்காரன் வந்து காட்ட அழிச்சான்.” இந்தப் பக்கம்: “எல்லாம் ஆதிவாசிக்குத்தான் குடுக்கறாங்க.” இரண்டுமே தூரத்திலிருந்து பார்த்துப் பேசும் பேச்சு, பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தாலும்.

வட்டம் சார்பாக ஒரு மனு தயாராகிறது. வீட்டுமனைப் பட்டாவையும் வன உரிமையையும் ஒரே மனுவில் கேட்கலாம் என்றேன் நான். பணியர் தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரே பேப்பர்னா எங்க பேரு கடைசிப் பக்கத்துக்குப் போயிரும். ரெண்டா எழுதுவோம். குடுக்க மட்டும் ஒண்ணா போவோம்.” எனக்கு முதலில் சுருக்கென்றது. என் கட்டுரையில் அவர்கள் ஆள் காணாமல் போனது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மனுவும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருடையதை முதலில் முடிக்கிறோம்.