பினாங்கும் நெருப்பும்: தீயணைப்புக் கைக்கருவி வளர்ந்த வரலாறு

தீயணைப்புப் படையை மலாய் மொழியினர் ‘பொம்பா’ என்று வழங்குவர். இச்சொல் மலாய் மண்ணிற் பிறந்ததன்று, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் இதற்கு நீரிறைக்கும் பொறி என்பது பொருள். நெருப்பு என்றால் நீரை இறைக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றப் பாதியை மனிதன் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அறிந்த பின்னும் எல்லாருக்கும் அது போய்ச் சேரவில்லை என்பதற்கு, சட்டியில் எண்ணெய் தீப்பற்றியதும் தண்ணீர்ச் செம்பைத் தேடுகின்ற கைகளே சான்று.

பினாங்குத் தலைநகரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இச்செய்தி நன்கு விளங்கும். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபோது எழுந்த ஊர், மரத்தாலும் மூங்கிலாலும் அத்தாப்பாலும் ஆனது. அத்தாப்பு என்பது நீப்பா ஓலையை முடைந்து வேயும் கூரை. மழைக்கு அது நல்ல காப்பு. வெயில் நாளிலோ தீப்பொறிக்குத் தீனி. சூலியா தெருவிலும் அதனைச் சூழ்ந்த சந்துகளிலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களும், படகோட்டிகளும், கூலிகளும் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு வீட்டு அடுப்பு பத்து வீட்டுக்குப் பகை என்னும் நிலை. நகரம் தோன்றிய முதல் முப்பது ஆண்டுகளுக்குள் நெருப்பு அதன் பகுதிகளை ஒரு முறைக்கு மேல் அழித்திருக்கிறது.

அதற்கு மனிதர் கண்ட முதல் மருந்து செங்கல்லும் ஓடும். பிரிக் கில்ன் ரோடு, அதாவது செங்கற்சூளைச் சாலை, என்ற பழம் பெயர் அதை நினைவூட்டுகின்றது. அச்சாலைக்கு இன்று குருத்துவாரா சாலை என்று பெயர். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பே அக்காலத்துச் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பியது; 1818இல் முடிவுற்ற செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் கைபட்டதே. வரிசையாக ஒட்டிநிற்கும் கடைவீடுகளுக்கு இடையே செங்கற்சுவர் வந்தது. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதில் அச்சுவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சுவருக்குள்ளே மாடி மரம், படிக்கட்டு மரம், தட்டியும் மரம். நெருப்பு வெளியே போகவில்லை, உள்ளேயே இருந்தது.

இரண்டாவது மருந்து நீர். தைப்பூசத்தன்று தமிழர் திரளும் தண்ணீர்மலை, பெயருக்கேற்ப இந்நகருக்கு நீரளித்த மலைப்பக்கமே. ஃபார்க்குவார் ஆட்சி புரிந்த 1804, 1805ஆம் ஆண்டுகளையொட்டி மலையருவியின் நீரை நகருக்குக் கொணரக் கால்வாய் அமைந்தது. பர்மா ரோட்டைச் சீனர் இன்றும் தண்ணீர் வண்டிச் சாலை என்றே தம் மொழியில் வழங்குவர். மாட்டுவண்டியில் வந்த அந்த நீரே குடிக்கவும் குளிக்கவும் பயன்பட்டது. வீடு எரியும்போது வாளியில் ஏறியதும் அதுவே. வாளிகள் கைமாறிக் கைமாறி வந்து சேருமுன் கூரை போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேவாலயம் எழுந்த அதே காலத்தில் இங்கிலாந்தில் மேன்பி என்னும் படைத்துறை அலுவலர் ஒரு செப்புக் கலத்தைச் செய்தார். 1813இல் எடின்பரோவில் நேர்ந்த ஒரு தீவிபத்தில் மேல்மாடிகளுக்கு நீர் எட்டாததைக் கண்டு அவருக்கு இந்த நினைவு எழுந்ததாகக் கூறுவர். கலத்தில் மூன்று காலன் பொட்டாஷ் உப்புக் கரைசல். அதன்மேல் அழுத்தி அடைத்த காற்று. குழாயைத் திறந்தால் கரைசல் பீறிட்டு வரும். ஊர் கூடி வாளி சுமந்த வேலையை ஒரு மனிதன் தோளில் எடுத்துச் செல்லலாயிற்று. இன்று சுவரில் தொங்கும் கைக்கருவிகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி.

1866இல் பிரான்சு நாட்டுக் கார்லியே என்பவர் காற்றை அழுத்தும் வேலையை இரசாயனத்திடம் விட்டார். கலத்தில் சமையல் சோடா கரைந்த நீர். அதற்குள் ஒரு சிறு குப்பியில் அமிலம். இரண்டும் கலந்தால் கரியமிலவாயு பொங்கும். அதன் விசையால் நீர் பாயும். பின்னர் வந்த வகைகளில் கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தோ, மேற்குமிழைத் தட்டிக் குப்பியை உடைத்தோ கந்தகத் திராவகத்தைக் கலக்கச் செய்தனர். சென்ற நூற்றாண்டின் முதற்பகுதியில் உலகெங்கும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொங்கிய கூம்பு வடிவச் சிவப்புக் கலம் இவ்வகையே. வாயுவால் தீ அணைகிறது என்று பலர் எண்ணினர். அது பிழை, வாயு வெறும் தள்ளுவிசை. தீயை அணைத்தது நீர். ஆகவே விறகும் துணியும் காகிதமும் எரிந்தால் அது உதவும். வேறெதற்கும் உதவாது.

பீச் ஸ்திரீட்டின் மூலையில் கோபுரத்தோடு நிற்கும் தீயணைப்பு நிலையம் 1908ஆம் ஆண்டினது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1901இல், கூ கொங்சியின் புதுக்கட்டடம் எரிந்து போயிற்று. அரசனது அரண்மனைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வம் சினந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். 1906இல் சற்று அடக்கமாக மீண்டும் கட்டி முடித்தனர். இக்கதையை நம்புவதும் நம்பாததும் ஒருபுறமிருக்க, அந்த ஆண்டுகளில் நகரத்து நெருப்பின் இயல்பே மாறிக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மண்ணெண்ணெய் விளக்கு வீடுதோறும் வந்துவிட்டது. மின்சாரம் வந்தது, மோட்டார் வண்டியும் பெட்ரோலும் தொடர்ந்து வந்தன. வாளியும் சோடாக் கலமும் அறியாத நெருப்புகள் இவை.

எண்ணெய் நெருப்புக்கு விடை கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது இப்பக்கத்து வாசகர்க்கு இனிக்கும். காஸ்பியன் கடலோரம் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாக்கு நகரில் அலெக்சாந்தர் லோரான் என்பவர் ஆசிரியப் பணி புரிந்தார். எரியும் எண்ணெயில் நீரை விட்டால் நீர் அடியில் இறங்கிவிடும்; எண்ணெய் மேலே மிதந்தபடி எரியும், பரவவும் செய்யும். ஆகவே எண்ணெயினும் இலேசான ஒன்று அதன்மேற் போர்வைபோலப் படிய வேண்டும் என்று அவர் எண்ணினார். நுரையை உண்டாக்கி, எரியும் எண்ணெய்மேற் செலுத்திச் சோதித்தார். 1904இல் அதற்கு உரிமை பெற்றார்.

மின்சார நெருப்புக்கு வழி தேடியபோது அறிவு ஒரு முறை சறுக்கியது. 1910க்குப் பின் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நீர்மத்தை அடைத்த சிறு பித்தளைக் கருவிகள் மோட்டார் வண்டிகளில் பெரிதும் பரவின. அது மின்சாரத்தைக் கடத்தாது. பெட்ரோல் தீயையும் அடக்கும். ஆனால் சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு அதிலிருந்து எழும். முதல் உலகப் போரில் படைகளைக் கொன்ற வாயு அதுவே. தீக்குத் தப்பியவன் மருந்துக்குத் தப்பவில்லை என்னும் நிலை அடைத்த அறைகளில் உண்டாயிற்று. 1924இல் அமெரிக்காவில் கிட் என்பவரின் நிறுவனம் தொலைபேசி நிலையத்துக்காகக் கரியமிலவாயுக் கருவியைச் செய்தது. அது கருவிகளைக் கெடுக்காது, கறையும் விடாது. பின்னாளில் புகழ்பெற்ற ஹாலோன் வாயு, வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987இல் ஏற்பட்ட மொன்ட்ரியால் உடன்படிக்கையின் வழியே உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டது.

எந்தக் கைக்கருவியும் பயன்படாத நெருப்பையும் இந்நகரம் கண்டிருக்கிறது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மக்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தனர். நம் விமானங்கள் என்றே பலர் எண்ணினர். தொடர்ந்த நாட்களில் கடைத்தெருக்கள் கேட்பாரின்றி எரிந்தன. ஆங்கிலேயர் இரவோடிரவாக வெளியேறிய பின், இலங்கைத் தமிழரும் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ ஏட்டின் ஆசிரியருமான சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையிற் பறந்த கொடியை இறக்கினார். நகரம் காப்பின்றி இருப்பதை வானொலி வழி அறிவிக்கச் செய்து குண்டுவீச்சை நிறுத்த முயன்றார். அளவு கடந்த நெருப்பின்முன் செய்யத்தக்கது, அதற்குக் காரணமானதை நிறுத்துவதும் உயிர்களை அகற்றுவதுமே.

அளவுக்குட்பட்ட நெருப்பு என்பது வேறு. குப்பைக் கூடையளவு, சட்டியளவு, ஒரு மின்பொறியளவு. கைக்கருவி இதற்கே உரியது. பொதுவான அளவுள்ள கருவி பத்து இருபது வினாடிகளுக்குமேல் பீய்ச்சாது என்பதைப் பலர் அறியார். படத்தில் காண்பதுபோல நெடுநேரம் போராடலாம் என்று எண்ணுவர். அந்தச் சில வினாடிக்குள் எதன்மேல் எதைச் செலுத்துவது என்ற தேர்வு சரியாக இருக்க வேண்டும்.

மரம், துணி, காகிதம் ஆகியவற்றுக்கு நீர் நன்று. அது உள்ளூறிக் கங்குவரை குளிர்விக்கும். பெட்ரோலுக்கும் சாயத்துக்கும் நுரை அல்லது உலர்தூள். மின்பொறிக்குக் கரியமிலவாயு, முதலில் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவ்வாயு வெளிவரும் கொம்பு கடுங்குளிர் அடைவதால் வெறுங்கையாற் பற்றலாகாது. சிறிய அறையில் அது மூச்சுக்காற்றையும் விரட்டிவிடும். உலர்தூள் பலவகைத் தீக்கும் பொருந்துவதால் இந்நாட்டுக் கடைகளில் அதுவே மிகுதி. ஆனால் தூள் தீயை வெட்டுமே தவிரச் சூட்டைத் தணிக்காது. அணைந்துவிட்டது என்று முதுகைக் காட்டினால் மீண்டும் எரியும். சமையல் வாயுக் குழாயில் எரியும் தீயை அடைப்பானை மூடாமல் அணைப்பது அதனினும் தீது. கசிந்த வாயு கண்ணுக்குத் தெரியாமல் அறை முழுவதும் நிறைந்து, ஒரு பொறியில் வெடிக்கும்.

நாசி கண்டார் கடைகளும் ஒட்டுக்கடைகளும் நிறைந்த இந்நகரில் சமையல் எண்ணெயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தானே தீப்பற்றிய எண்ணெய் 340 பாகை செல்சியசுக்குமேல் கொதிப்பது. நீரோ 100 பாகையில் ஆவியாவது. ஒரு செம்பு நீர் அந்த எண்ணெயின் அடியில் இறங்கியதும் ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு மடங்கு விரிந்து ஆவியாகும். விரியும்போது எரியும் எண்ணெயைத் துளித்துளியாக்கிக் கூரைமட்டும் எறியும். சமைத்தவரின் முகமும் கையும் வெந்துபோவது சட்டித் தீயால் மட்டுமன்று, செம்பு நீராலும்தான். அடுப்பை நிறுத்தி, சட்டியை மூடியால் மூடி, ஆறும்வரை திறவாதிருப்பது எளிய வழி. எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது கொடிய வழி. பெரிய சமையற்கூடங்களுக்கென ஈர இரசாயனக் கருவி வந்துள்ளது. அதிலுள்ள பொட்டாசிய உப்பு கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரப் படலமாகிறது. அப்படலம் காற்றைத் தடுக்க, தெளித்த கரைசல் குளிரூட்டுகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாகும் என்பது பழம் பாடம்தான். தீயை அணைக்க அது கைகொடுத்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே.

பழைய கடைவீட்டின் அமைப்பு இன்னொரு செய்தியையும் கற்பிக்கிறது. முன்னே ஐந்தடி நடை, உள்ளே குறுகி நீண்ட கூடம், நடுவே வானம் தெரியும் முற்றம், பின்னே சமையலறை. தீயை நோக்கிச் செல்பவர் வெளியேறும் வாசல் தம் முதுகுப்பக்கம் இருக்குமாறு நிற்க வேண்டும். முள்ளைக் கழற்றி, தீயின் நாக்கை நோக்காமல் அடியை நோக்கி, ஆறு எட்டு அடித் தொலைவிலிருந்து பக்கவாட்டில் வீசிச் செலுத்துதல் முறை. அதற்கு முன்பே ஒருவர் 999க்கு அழைத்திருக்க வேண்டும். முற்றத்தின் வழியே புகை மாடிக்கு ஏறத் தொடங்கிவிட்டால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறுவதே அறிவு.

பள்ளிகளுக்கு இது புறச்செய்தி அன்று. மலாயாத் தோட்டங்களில் பல தமிழ்ப்பள்ளிகள் அத்தாப்புக் கொட்டகைகளாகவே தொடங்கின. அக்கூரைகள் மறைந்துவிட்டன. ஆனால் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கீற்றின் தீ பரவும் விரைவுக்குமுன் கைக்கருவி நிற்காது. அது நின்றிருக்கக்கூடிய இடம் ஒன்றே: அடுப்படி, முதல் நிமிடம், அதைக் கையாளத் தெரிந்த ஒருவர்.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது. கருவிகளுக்கு ஆண்டுதோறும் சோதனையும் ஒட்டுச்சீட்டும் உண்டு. சீட்டு ஒட்டிய கருவி அலமாரிக்குப் பின்னாலோ, பூட்டிய அலுவலறையிலோ கிடந்தால் சட்டம் என்ன செய்யும்? அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, அடைமுள் இடத்தில் இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மாணவர்க்கு அறிவியற் பாடத்தில் கரியமிலவாயு சொல்லித்தரும் அன்றே கருவியை இறக்கிக் காட்டலாம்.

ஒன்று மட்டும் மூத்த ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது. சோடா அமிலக் கலத்தைக் கவிழ்த்துப் பழகிய தலைமுறையின் பழக்கம் இன்றும் சில பாடக்குறிப்புகளில் தங்கியிருக்கிறது. இக்காலத்துக் கருவிக்குள் அடிவரை செல்லும் ஒரு குழாய் இருக்கிறது. தூளும் நீரும் அதன் வழியாகவே மேலேறும். தலைகீழாகக் கவிழ்த்தால் குழாயின் வாய் வாயுப்பக்கம் போய்விடும். வாயு மட்டும் சீறி வெளியேறும். தூள் உள்ளேயே நின்றுவிடும்.