சர்க்கரையும் மனச்சோர்வும்: ஒரு கேள்வித்தாளின் வரலாறு

நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேனைப்போல் இனிக்கிறது என்று 1670களில் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், அந்த நோய்க்கான காரணங்களில் நெடுநாள் துயரத்தையும் சேர்த்திருந்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1879இல், மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று ஹென்றி மாட்ஸ்லி எழுதினார். 1935இல் அமெரிக்காவின் வில்லியம் மெனிங்கர் நீரிழிவுக்கென்று தனி ஆளுமை உண்டா என்று தேடினார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எதனால் எது வந்தது என்ற ஆராய்ச்சியிலேயே காலம் போயிற்று. இதற்கிடையில் நோயின் தன்மையே மாறிவிட்டது. இன்சுலினுக்கு முன் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தார்கள். 1922க்குப் பிறகு பிழைத்தார்கள். சோறு, ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று நாள்தோறும் கணக்குப் பார்த்து ஆயுள் முழுக்கச் சுமக்கும் வேலையாக நீரிழிவு ஆனது. அந்த வேலையில் அலுத்துப்போகிறவரின் மனத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவர மருத்துவத்துக்கு இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த முயற்சிகளின் வரலாற்றைப் படித்தால் ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது: மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும், ஆனால் கேட்டபின் உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லையென்றால் அந்தக் கேள்வியால் பயனில்லை.

லேசான சோர்வுக்கெல்லாம் எதற்கு மருத்துவம் என்று சிலர் நினைக்கலாம். 2001இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு என்று தெரிந்தது. லேசான நிலையும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேய்ன் கேட்டன் குழு இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 4,154 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டது. வயது, பாலினம், கல்வி ஆகிய வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், சிறு அளவு மனச்சோர்வு இருந்தவர்களிடையே இறப்பு 1.67 மடங்காக இருந்தது. சோர்வுதான் அவர்களைக் கொன்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 2007இல் மாசச்சூசெட்ஸில் நடந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நோய் என்று பெயரிடும் அளவை எட்டாத சோர்வு உள்ளவர்களிடமும், சோர்வு கூடக் கூட மாத்திரை தவறுவதும் உணவுக் கட்டுப்பாடு தளர்வதும் கூடவே வந்தன.

அப்படியானால் சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று பெரிதும் புழங்கும் பிஹெச்கியூ-9 என்ற தாள் 2001இல் மதிப்பிடப்பட்டு வெளிவந்தது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் தொந்தரவு தந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்து முதல் ஒன்பது வரை வந்தால் லேசானது. இந்தத் தாளைச் சர்க்கரை நோயாளியின் கையில் கொடுத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். தூக்கம் கெடுகிறதா? இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறவருக்குக் கெடத்தான் செய்யும். அசதியாக இருக்கிறதா? சர்க்கரை ஏறினாலே அசதிதான். பசியில் மாற்றமா? அதுவும் நோயின் குணமே. மனம் வாடாமலே ஐந்து மதிப்பெண் தாண்டிவிடலாம். வில்லியம் பொலான்ஸ்கியும் கூட்டாளிகளும் 1995இல் வேறொரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தது நீரிழிவோடு வாழ்வதில் உள்ள தவிப்பைத் தனியாக அளப்பதற்காக. ஊசிக்குப் பயப்படுவதும் கால் போய்விடுமோ என்று கலங்குவதும் மனநோய் அல்ல; அந்தத் தவிப்புக்கு நோய்ப்பெயர் சூட்டக் கூடாது என்ற ஆட்சேபணை நியாயமானது. ஆனால் அதிலிருந்து கேட்காமலே விட்டுவிடலாம் என்ற முடிவு வராது. மதிப்பெண்ணை யார் உட்கார்ந்து விளக்கிக் கேட்பது என்ற கேள்விதான் வரும்.

ஐரோப்பாவில் இது இரண்டு விதமாகச் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் 2006 முதல் நீரிழிவு நோயாளிகளிடமும் இதய நோயாளிகளிடமும் இரண்டு கேள்விகள் கேட்கக் குடும்ப மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது: கடந்த மாதத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா. 2013இல் அந்தத் தொகை கைவிடப்பட்டது. நெதர்லாந்து ஆய்வுகள் இன்னும் கூர்மையானவை. 2001இல் ஃபிரான்ஸ் பௌவெரும் ஃபிராங்க் ஸ்னூக்கும் வெளியிட்ட ஆய்வில், வெளிநோயாளிகளின் மனநிலை கணினியில் பதிவானது; நீரிழிவுச் செவிலியர் அந்த விடைகளை எடுத்துவைத்து நோயாளியிடம் பேசினார். மனநிலை மேம்பட்டது. பத்தாண்டு கழித்து, 2011இல் வெளியான பௌவெரின் இன்னொரு ஆய்வில், சோர்வு தென்பட்டதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் எழுத்து வழியே தெரிவித்தார்கள். சொல்லும்படியான பலன் இல்லை. முதல் ஆய்வில் எதிரே ஒரு செவிலியர் அமர்ந்திருந்தார், இரண்டாவதில் கடிதம் மட்டும் போனது.

சிகிச்சையின் வரலாறும் இதே பக்கம்தான் சாய்கிறது. 1997இல் பாட்ரிக் லஸ்ட்மன் குழு நார்ட்ரிப்டிலின் மாத்திரையைச் சோதித்தபோது மனச்சோர்வு குறைந்தது, ஆனால் மருந்தின் நேரடி விளைவாகச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது. அடுத்த ஆண்டு அதே குழு கடுமையான மனச்சோர்வு உள்ள 51 பேரிடம், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சையைப் பத்து வாரம் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சோர்வு விலகியது. நீரிழிவுக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு. லேசான நிலைக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை எழுத வேண்டாம், உடற்பயிற்சியும் வழிகாட்டலுடன் கூடிய சுய உதவியும் முதலில் வரட்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் வழிகாட்டியது. மனம் தேறியும் சர்க்கரை குறையவில்லையே, பிறகு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சான்று இருக்கிறது. 2004இல் வெளியான கேட்டனின் சியாட்டில் ஆய்வில் அப்படித்தான் நடந்தது. ஆனால் துயரம் குறைவதற்குச் சர்க்கரைச் சீட்டின் சாட்சி தேவையில்லை. கால் வலி தீர்ந்தால் சர்க்கரை குறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மருத்துவருக்கு நேரம் எங்கே என்பது நம் ஊரின் வலுவான ஆட்சேபணை. தேவை பெரிது என்பதில் சந்தேகமில்லை: 2009இல் வெளியான சென்னை ஆய்வில் பொதுமக்கள் 25,455 பேரில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஏழைகளிடம் அது கூடுதல். விடையின் ஒரு பகுதியும் சென்னையிலிருந்தே வந்தது. சென்னை உட்பட இந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் 404 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. மருத்துவரல்லாத ஒருங்கிணைப்பாளர் நோயாளியைத் தொடர்ந்து விசாரித்து, மனநல மருத்துவரின் ஆலோசனையைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாண்டு முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. அவர்கள் லேசான நிலையைத் தாண்டியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. லேசான நிலைக்கு அவ்வளவு ஏற்பாடுகூட வேண்டாம். “எதுலயும் மனசு ஒட்டல” என்று சொல்கிறவரின் தாளை வாங்கிக் கோப்பில் செருகாமல், அடுத்த மாதம் அவர் வரும்போது அதை எடுத்து வைத்துக்கொண்டு விசாரிக்கும் ஒரு செவிலியருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.