நுவரெலியாவில் யாருக்கு சீசன்?

ஒரு வருசத்துக்குள் மூன்று தரம் நுவரெலியா போனோம். ஏப்ரலில் ஒருக்கா, ஜூலையில் ஒருக்கா, பிறகு ஜனவரியில். முதல் தரம் வெறும் பயணம்தான். கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று பஸ் வளைந்து வளைந்து ஏற, நாங்கள் பாட்டும் கூத்துமாகப் போனோம். எங்களில் ஒருத்தி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நானுஓயாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். "சீசன் நேரத்துல எங்க ஆளுங்க டவுன் பக்கமே போக மாட்டாங்க" என்றாள். அந்த வசனத்தை நாங்கள் அப்போது பெரிசாக எடுக்கவில்லை.

ஏப்ரல் நுவரெலியாவைச் சொல்லத் தேவையில்லை. கனபேர் போயிருப்பீர்கள். கிரகரி வாவியைச் சுற்றி கொழும்பு வாகனங்கள், அன்னப் படகுகள், சவாரிக் குதிரைகள், அவித்த சோளம். விக்டோரியா பூங்காவில் பூப் பாத்திகளைவிட செல்பி எடுப்பவர்கள் அதிகம். அறை வாடகை கேட்டதும் எங்கள் மகாபொலக் காசு நினைவுக்கு வந்தது. அன்றைக்கே திரும்பிவிட்டோம்.

இந்த ஏப்ரல் சீசன் எங்கிருந்து வந்தது? 1819 இல் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இந்தச் சமவெளிக்கு வந்தார், பிறகு அதைப் பற்றி எழுதினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குளிரில் தேற அனுப்பப்பட்ட இடம் இது. சாமுவேல் பேக்கர் 1848 இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து இங்கே ஒரு குட்டி இங்கிலாந்து செய்யப் பார்த்தார். வாவிகூட இயற்கை இல்லை. சதுப்பாகக் கிடந்த நிலத்தில் ஆளுநர் வில்லியம் கிரகரி 1873 இல் உண்டாக்கியது. பூங்காவுக்கு 1897 இல், மகாராணி ஆட்சிக்கு வந்து 60 வருசம் நிறைந்ததற்காக, அவவின் பெயரை வைத்தார்கள். 1885 இல் ரயில் நானுஓயா வரை வந்ததும் கொழும்பு வெக்கைக்குத் தப்பி மலை ஏறுவது லேசாகிவிட்டது. ஏப்ரலில் கொழும்பு அவியும், மே மாதம் மழை பிடிக்கும். இடையில் கிடைக்கிற கொஞ்ச நாள்தான் துரைமாரின் சீசன். துரைமார் போய்விட்டார்கள், சீசன் போகவில்லை.

ஆனால் இந்த மலையில் அதற்கு முந்தியே வேறொரு சீசன் இருந்தது. கோப்பிச் சீசன்.

கோப்பிப் பழம் பறிக்க வருசத்தின் பிற்பகுதியில் சில மாதம்தான் நிறைய ஆள் வேணும். மற்ற நேரம் வேலை குறைவு. அதனால் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு சனம் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கும். காட்டுவழியே நடந்து மாத்தளை வரும், மலை ஏறும், பறித்து முடிய பெரும்பகுதி ஊருக்குத் திரும்பும். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1869 இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1867 இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். எல்லாத் தோட்டமும் அந்தப் பக்கம் திரும்பியது.

எங்கட பாடப்புத்தகத்தில் 'கோப்பிக்குப் பதில் தேயிலை' என்று ஒரு வரியில் முடிந்த விஷயம் இது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை வாழ்க்கை கிடக்கிறது! தேயிலைக்கு அப்படி ஒரு பறிப்புக்காலம் கிடையாது. கொழுந்து கிழமைக்குக் கிழமை துளிர்க்கும், வருசம் முழுக்கக் கை வேணும், அதுவும் பெண்களின் கை. வந்து போன சனம் குடும்பமாக லயத்தில் தங்கியது அப்படித்தான். போகவும் விடவில்லை: கடன் தொகையை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற முடியாத முறை 1921 வரை இருந்தது.

இப்படிச் சீசன் இல்லாமல் ஆக்கப்பட்டவர்களைத்தான் 1948 இல் சட்டம் 'வந்து போகிறவர்கள்' போல நடத்தியது. பிரஜாவுரிமைச் சட்டத்தால் சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் சிநேகிதியின் அம்மாயி இங்கே தங்கினார். அம்மாயியின் தங்கச்சி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.

இதையெல்லாம் நாங்கள் தேடி வாசித்தது ஜூலைப் பயணத்துக்குப் பிறகுதான். ஜூலையில் வாவியே கண்ணுக்குத் தெரியவில்லை. மழை, புகார், திரும்பவும் மழை. பூங்காவில் எங்களையும் காவல்காரரையும் தவிர ஒருவரும் இல்லை. சிநேகிதி வீட்டுக்கு கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா பிளாஸ்டிக் தாளைப் போர்த்துக்கொண்டு மலையிலிருந்து வந்து, கால் விரலிடுக்கில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்களுக்கு ரொட்டி சுட்டார். "மழைக்கெல்லாம் லீவு உண்டாம்மா?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். "மழைய பாத்தா நிறுவைக்கு என்னத்த கொண்டு போறது தம்பி?" என்றார். கேட்டவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி வேறு மாதிரி. விடிய ஆறு மணிக்கு வாவிக்கரைப் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஐஸ் என்று எல்லாரும் படம் எடுத்தார்கள், நாங்களும்தான். இந்தப் பனி அடித்தால் கொழுந்து கருகிப்போகும் என்பதும், பனி அடித்த மலையில் பறிக்க ஒன்றும் இராது என்பதும் பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தேயிலை வியாபாரத்துக்கும் ஒரு சீசன் இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை குளிர்ந்த வறண்ட காற்றில் நுவரெலியாத் தேயிலைக்கு வாசம் கூடும். ஆனால் கொழுந்து குறையும். கொழும்பு ஏலத்தில் வாசத்துக்கு விலை, மலையில் கிலோவுக்குத்தான் கணக்கு.

அன்று விக்டோரியா பூங்காவில் நீளமான கமராக்களோடு சிலர் ஓடைக்கரையில் அசையாமல் நின்றார்கள். ஆறுமணிக் குருவிக்காக என்றார்கள். வட இந்தியப் பக்கம் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு இங்கே வந்து, ஏப்ரல் அளவில் திரும்புகிற குருவி. அரை மணித்தியாலம் நின்றோம். குருவி வரவில்லை, கால்தான் விறைத்தது.

திரும்பும்போது வாவிக்கரையில் எடுத்த எங்கள் படத்தை சிநேகிதி கோத்தகிரிக்கு அனுப்பினாள். அம்மாயியின் தங்கச்சி குடும்பம் அங்கேதான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நட்ட தேயிலையில் அவர்களும் கொழுந்து பறித்தவர்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் ஒரு படம் வந்தது. ஊட்டி ஏரி. அதுவும் 1820களில் கலெக்டர் ஜோன் சலிவன் உண்டாக்கியது. ஸ்வெட்டர் போட்ட பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் சின்ன அம்மாயி நிற்கிறார். பின்னால் படகுகள், மலை, மரங்கள். பெரிய அம்மாயி போனைக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"இது நம்ம வாவிதானே? இவ எப்ப வந்தா?" என்று கேட்டார்.